நிலம் இல்லாதவருக்கு விவசாயம் தொழிலாகுமா?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வீட்டுக்கு வீடு எழுகிற ஒரு கேள்வி. மில்லில் கணக்கு முடித்து வெளியே அனுப்பப்பட்டவர் கேட்கிறார். பதிலி வேலைக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கும் நடுவே அல்லாடுகிற அவருடைய மகன் கேட்கிறான். நடவு நட்டும் களை பறித்தும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்த தாய் கேட்கிறாள். "விவசாயத்தில் இறங்கினால் பிழைக்க முடியுமா? நமக்கோ ஒரு குழி நிலம் கிடையாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பண்ணையம் செய்த குடும்பமும் அல்ல. நம்மைப் போன்றவருக்கு அதில் ஒரு தொழில் உண்டா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "நிலம் வைத்திருப்பவனே விற்றுவிட்டு ஓடுகிறான், உனக்கென்ன விவசாயம்?" என்பது ஒரு பதில். மற்றது பத்திரிகைகளில் படத்தோடு வருகிற பதில்: பெரிய கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டுப் பத்து ஏக்கர் வாங்கி, கிணறு வெட்டி, வேலி போட்டு, மாந்தோப்பு வைத்து, லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் கனவானின் கதை. அந்தக் கதையில் ஒரு விஷயத்தைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். இறங்கும்போதே அவர் கையில் பணம் இருந்தது. இரண்டு வருஷம் விளையாவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். நம் வீட்டு அடுப்பு அப்படிப்பட்டதல்ல.

இந்த இரண்டு பதிலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நமக்குரிய பதிலை நாமே தேடுவோம். தொழில் உண்டு என்பதே நம் பதில். ஆனால் அதற்குப் போகிற பாதை, பத்திரிகைக் கதை காட்டுகிற பாதை அல்ல. அது விவசாயத் தொழிலாளியின் வயல் வரப்பு வழியாகப் போகிறது. அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனால் நமக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம். அவரோடு சேர்ந்து போனால் இருவருக்கும் வாழ்வு உண்டு.

யாருக்கு விவசாயப் பின்னணி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "விவசாயப் பின்னணி" என்கிறார்களே, அது என்ன? ஆறு வயதில் ஆடு மேய்த்து, பன்னிரண்டு வயதில் நாற்று பறிக்கப் போய், நாற்பது வருஷம் சேற்றில் நின்ற ஒரு தாயைப் பாருங்கள். எந்த மடையில் தண்ணீர் கசியும், எந்த வயலில் களி அதிகம், எந்த நாற்று முற்றிப்போயிற்று என்பதெல்லாம் கண்ணால் பார்த்தே சொல்வாள். ஆனால் சர்க்கார் ஏட்டில் அவள் விவசாயி அல்ல, கூலியாள். பட்டணத்தில் குடியிருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு முறை குத்தகைப் பணம் வாங்க மட்டும் ஊருக்கு வருகிறவரோ நிலச் சொந்தக்காரர். அவருக்கு விவசாயப் பின்னணி உண்டாம்! பின்னணியைக் கையால் அளக்காமல் பட்டாவால் அளக்கிறார்கள்.

இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. 2019இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக. யாருக்கு? தன் பெயரில் விவசாய நிலம் உள்ள குடும்பத்துக்கு. குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. கூலிக்கு நடுகிறவளுக்கும் இல்லை. இத்தனைக்கும், எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் கமிஷனின் அறிக்கைகளுக்குப் பிறகு 2007இல் இதே மத்திய சர்க்கார் வெளியிட்ட விவசாயிகளுக்கான தேசியக் கொள்கை, "விவசாயி" என்ற சொல்லுக்குள் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்துத்தான் விளக்கம் தந்தது. கொள்கை காகிதத்தில் நிற்கிறது. பணம் பட்டா பார்த்துப் போகிறது.

ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2001இல் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்பவர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011இல் அது சுமார் 42 லட்சமாகச் சுருங்கியது. அதே பத்து வருஷத்தில் விவசாயத் தொழிலாளர் சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகப் பெருகினார்கள். அதாவது, வயலில் இறங்குகிற கைகளில் பெரும்பாலானவை நிலமில்லாத கைகள். விவசாயம் தெரிந்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமில்லாதவர்கள் என்றால், "நிலமில்லாதவனுக்கு விவசாயத்தில் என்ன வேலை?" என்று கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

கணக்குப் பணமும் கனவும்

இனி மில் தொழிலாளத் தோழர்களுக்குச் சில வார்த்தை. மில் மூடப்படுகிறது, கிராஜுவிட்டியும் பிராவிடண்டு பண்டும் சேர்ந்து ஒரு தொகை கைக்கு வருகிறது. இருபது முப்பது வருஷ உழைப்பின் மிச்சம் அதுதான். அந்தப் பணத்தை மோப்பம் பிடித்து மறுநாளே புரோக்கர் வீட்டு வாசலில் நிற்பார். "இரண்டு ஏக்கர் இருக்கிறது, அடிமாட்டு விலை, தண்ணீர் பொங்கும்" என்பார். தோழர்களே, பொறுங்கள்!

2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் சராசரியாக இருப்பது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அவ்வளவு நிலம் வைத்து, பிறந்ததிலிருந்து அதிலேயே கிடப்பவரும், வருஷத்தில் பாதி நாள் வேறு கூலிக்குப் போய்த்தான் குடும்பம் நடத்துகிறார். புதிதாக இறங்குகிற நாம், முழுத் தொகையையும் நிலத்தில் போட்டுவிட்டால், விதைக்குக் கடன், உரத்துக்குக் கடன், போர்வெல் போடக் கடன். முதல் போரில் தண்ணீர் வராவிட்டால் இரண்டாவது போர். கடைசியில் நிலமும் போகும், முப்பது வருஷ உழைப்பும் போகும். ஆகையால், கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிலம் வாங்காதீர்கள். இது நம் முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. நிலம் வாங்காமல் குத்தகைக்கு எடுக்கலாம் என்று போகிறோம். அங்கே ஏற்கெனவே ஒரு விவசாயத் தொழிலாளி அந்த வயலை வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதுகொண்டிருக்கிறார். அவர் கையில் ரொக்கம் இல்லை, மகசூலில் அளக்கிறார். நம் கையில் ரொக்கம் இருக்கிறது. ஒரு வருஷக் குத்தகையை முன்பணமாகவே நீட்டுகிறோம். நிலச் சொந்தக்காரர் என்ன செய்வார்? அவரை வெளியேற்றிவிட்டு நம்மை உள்ளே விடுவார். அடுத்த வருஷம் இன்னொருவர் கூடுதலாக நீட்டினால் நம்மையும் வெளியேற்றுவார். இரண்டு உழைப்பாளிகள் ஒருவர் மேல் ஒருவர் ஏலம் கேட்டால், ஏலப்பணம் போய்ச் சேருவது உழைக்காதவரின் பெட்டிக்கு. மில் வாசலில் நாம் என்ன பாடம் படித்தோம்? வெளியே நிற்கிற ஆள் குறைந்த கூலிக்கு உள்ளே போனால் எல்லோர் கூலியும் சரியும் என்று படித்தோம். வயலில் அந்தப் பாடம் தலைகீழாக வருகிறது. புதிதாக வருகிறவர் கூடுதல் குத்தகை கொடுத்தால் எல்லோர் குத்தகையும் ஏறும்.

ஒருவர் உழுகிற வயலை இன்னொருவர் கேட்பதில்லை என்பதை நமக்குள் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும். தரிசாகக் கிடக்கிற நிலம், சொந்தக்காரர் வெளியூர் போய்க் கவனிப்பாரற்றுப் போன நிலம் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். அதையும் உள்ளூர் விவசாயத் தொழிலாளரைக் கேட்டுக்கொண்டே தேடுவோம்.

மில்லில் பழகிய கை

விவசாயம் என்றால் ஏர் பிடிப்பதும் நாற்று நடுவதும் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு படி நெல் களத்துக்கு வந்து சேர எத்தனை கை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை பம்புசெட்டும் என்றைக்காவது பழுதாகும், காயில் எரியும், பேரிங் தேயும். தண்ணீர் பாய்கிற நாளில் மோட்டார் நின்றால் பயிர் வாடும். அன்று வந்து சரிசெய்கிறவன் விவசாயிக்குக் கடவுள் மாதிரி. மில்லில் பிட்டராக இருந்தவருக்கு இந்த வேலை புதிதா? சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டுத் தருகிறார்கள்; அடைத்துக்கொண்ட குழாயைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாமல் பல இடங்களில் அது சுருட்டிவைக்கப்பட்டிருக்கிறது. டிராக்டர், பவர் டில்லர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் இவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவருக்குப் பட்டம் தவறாமல் வேலை உண்டு.

நிலமே தேவைப்படாத வேறு வேலைகளும் இருக்கின்றன. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வதற்குப் பட்டா கேட்பதில்லை. கறவை மாடு இருந்து பால் ஊற்றினால் போதும். நாற்றங்கால் போட்டுக் காய்கறி நாற்று விற்பது, காளான் வளர்ப்பது, தேனீ வளர்ப்பது, நாட்டுக்கோழி வளர்ப்பது எல்லாம் சில சென்ட் இடத்தில் நடக்கிற தொழில். ஆனால் இவற்றிலும் ஏமாற்று உண்டு. "குஞ்சு நாங்கள் தருகிறோம், தீனி நாங்கள் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முதலில் பணம் கட்டு" என்று விளம்பரம் செய்து வசூலித்துவிட்டு ஓடியவர்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. முதலில் பணம் கேட்கிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கு வேறு வழியும் உண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணைப் பள்ளியாகத் தோன்றி, பின்னர் கோயமுத்தூருக்கு மாறி, 1971இல் பல்கலைக்கழகமான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பட்டப் படிப்பும் டிப்ளமாவும் நடத்துகிறது. இதில் சேர நிலம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத்தான் கேட்கிறார்கள். விவசாயப் பட்டமோ டிப்ளமாவோ முடித்தவர்கள் சொந்தமாக ஆலோசனை நிலையம், மண் பரிசோதனை, நாற்றுப் பண்ணை போன்றவற்றைத் தொடங்க மத்திய சர்க்கார் 2002 முதல் ஒரு திட்டம் நடத்திவருகிறது. 45 நாள் இலவசப் பயிற்சி. பிறகு வங்கிக் கடனுக்கு மானியம். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் கதிர் அறுக்கும் பெண்களின் கூலி போகிறது. மில் தொழிலாளியின் மகன் அதை ஓட்டுகிறான். வரப்பில் அரிவாளோடு நிற்கிறவள் விவசாயத் தொழிலாளியின் மனைவி. இந்த இருவரையும் மோதவிட்டுவிட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு போவது இயந்திரத்தின் சொந்தக்காரர். இயந்திரத்தை உடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மில்லில் இயந்திரத்தோடுதான் வாழ்ந்தோம். அதன் வாடகை யார் பைக்குப் போகிறது என்பதே கேள்வி. மானியத்தில் இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடும் மையங்களைக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நடத்தலாம் என்று சர்க்கார் திட்டத்திலேயே இருக்கிறது. ஓட்டுகிறவனும் அறுக்கிறவளும் அதில் பங்காளிகளாக இருக்கட்டும். அப்போது இருவர் வீட்டிலும் உலை கொதிக்கும்.

மண்ணைக் கற்பது எப்படி?

மில்லில் சேர்ந்த முதல் நாளே யாராவது ஒரு சைடு முழுவதையும் பார்த்ததுண்டா? அறுந்த நூலைப் பிணைக்கப் பழகவே எத்தனை நாள் ஆயிற்று! பக்கத்து சைடில் நின்ற மூத்த தொழிலாளி கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். விவசாயமும் அப்படித்தான். ஒரு போகம் விதைப்பு முதல் அறுப்பு வரை ஒருவரோடு நின்று பார்க்காமல் சொந்தமாக இறங்கக் கூடாது. மில்லில் பிணைத்த நூல் மறுபடி அறுந்தால் மறுபடி பிணைக்கலாம். ஆடிப் பட்டம் தவறினால் அடுத்த ஆடிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

உற்சாகம் மட்டும் போதாது என்பதற்கு உலக சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1954இல் சோவியத் யூனியனில், கஜகஸ்தானத்திலும் மேற்கு சைபீரியாவிலும் உழவே படாமல் கிடந்த புல்வெளிகளைத் திருத்தும் இயக்கம் ஆரம்பமாயிற்று. பட்டணங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் அந்த ஒரு வருஷத்திலேயே சுமார் 3 லட்சம் வாலிபர்கள் புறப்பட்டுப் போனார்கள். பெரும்பாலோர் அதற்குமுன் பண்ணையையே பார்க்காதவர்கள். கூடாரத்தில் படுத்து, கொட்டும் பனியில் நின்று, சில வருஷங்களில் சுமார் 4 கோடி ஹெக்டேர் நிலத்தை உழுதார்கள். 1956இல் விளைந்த கோதுமை நாட்டையே வியக்கவைத்தது. அந்த வாலிபர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் பிறகு நடந்தது என்ன? நிலத்துக்கு ஓய்வு கொடுக்காமல் வருஷா வருஷம் கோதுமையே போட்டார்கள். மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பையால் ஆழ உழுதார்கள். மழை குறைவான, காற்று பலமான அந்தச் சமவெளியில், 1960களின் துவக்கத்தில் புழுதிப் புயல் எழுந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. 1963இல் விளைச்சல் விழுந்து, வெளிநாட்டில் தானியம் வாங்க வேண்டியதாயிற்று. விவசாய விஞ்ஞானி பராயேவ் போன்றவர்கள், மண்ணைப் புரட்டாமல் கீறி மட்டும் உழுங்கள், அறுத்த தாளை வயலிலேயே நிற்க விடுங்கள், நிலத்தைத் தரிசு போட்டு ஓய்வு கொடுங்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அந்த மண் நிலைத்தது. புதியவர்களின் கையில் பலம் இருந்தது. மண்ணைத் தெரிந்தவர்களின் பேச்சுக்கு உரிய நேரத்தில் மதிப்பில்லை. பாடம் அதுதான்.

நம் ஊரில் மண்ணைத் தெரிந்தவர் யார்? முன்னே சொன்ன அந்தத் தாய்! செம்மை நெல் சாகுபடி என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். பதினாலு நாள் இளம் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, சதுரம் சதுரமாக நட வேண்டும். எழுதிப் படித்தால் இரண்டு வரி. ஆனால் தண்டு ஒடியாமல், வேர் மடியாமல், அந்தச் சின்ன நாற்றைச் சேற்றில் நிறுத்துவது பழகிய விரல்களால் மட்டுமே ஆகும். அந்த விரல்களிடம் போய்ப் பாடம் கேளுங்கள். கேட்கிற நாளுக்குக் கூலியும் கொடுங்கள். கற்றுக்கொடுப்பதும் வேலைதான்.

அதோடு விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் துவக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான ஜில்லாக்களில் ஒன்றாவது இருக்கும். கிராம வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுப்பது அவர்கள் கடமை. "பட்டா இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், "பயிற்சிக்குப் பட்டா எதற்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள்; பத்துப் பேர் கேட்டால் பதிலும் சீக்கிரம் வரும்.

குத்தகைக்குக் காகிதம் வேண்டும்

கற்றாயிற்று, குத்தகைக்கு நிலமும் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்கள் தவறுகிற இடம் இதுதான். "தெரிந்த மனுஷர், வாய்ப்பேச்சு போதும்" என்று விட்டுவிடுகிறோம். மேட்டைத் திருத்தி, முள்ளை வெட்டி, எரு அடித்து, மூன்றாம் வருஷம் நிலம் பொன்னாக விளையும்போது தெரிந்த மனுஷர் வந்து, "நிலத்தை விடு" என்பார்.

தமிழ்நாட்டில் குத்தகைதாரருக்குச் சட்டம் இருக்கிறது. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. தஞ்சை ஜில்லாவில் குத்தகை விவசாயிகளும் பண்ணையாட்களும் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. குத்தகை பாக்கி இல்லாமல் சாகுபடி செய்கிறவரைச் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. நியாயக் குத்தகை, திருத்தப்பட்ட சட்டப்படி, மகசூலில் நாலில் ஒரு பங்கு. இதற்கு மேல் எத்தனை இடத்தில் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்!

இந்தச் சட்டத்தில் ஒரு வாசகத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாகுபடிக் குத்தகைதாரர் என்பவர் யார்? தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உடலுழைப்பையோ அந்த நிலத்தில் செலுத்துகிறவர். குத்தகைக்கு எடுத்துவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழுக்கக் கூலியாள் வைத்து நடத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டமே சொல்கிறது: சேற்றில் இறங்கு, அப்போதுதான் நீ குத்தகைதாரன்!

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். அளந்த நெல்லுக்கும் கொடுத்த பணத்துக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் வங்கி மூலம் அனுப்புங்கள். அது மறுக்க முடியாத சாட்சி. குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற வருவாய் அதிகாரியிடம் மனுப் போடுங்கள். 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. அதற்கு அடங்கல் வேண்டும் என்று கிராம நிர்வாக அதிகாரியிடம் அலையவிடுவார்கள், அலையத்தான் வேண்டும். வெள்ளம் வந்து பயிர் அழுகிய பிறகு அலைவதைவிட, முன்னாலேயே அலைவது மேல்.

கூட்டாக இறங்கினால்

இவ்வளவையும் ஒரு தனி ஆள் செய்ய முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலம் தேடுவது, காகிதம் வாங்குவது, கடன் கேட்பது, காவல் காப்பது, சந்தைக்குப் போவது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் என்றால், வயலைப் பார்ப்பது யார்? நோயில் படுத்துவிட்டால் தண்ணீர் பாய்ச்சுவது யார்?

பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1998இல் துவக்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தில், அநேகமாக நிலமில்லாத ஏழைப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழையும் காய்கறியும் நெல்லும் பயிரிடுகிறார்கள். லட்சக்கணக்கான பெண்கள் இதில் இறங்கியிருக்கிறார்கள். நாலு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழுவுக்கு, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றால், பட்டா இல்லாமலே வங்கி கடன் கொடுக்கலாம் என்ற நபார்டு ஏற்பாட்டை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பலன் என்ன? பொருளாதார அறிஞர் பினா அகர்வால் கேரளத்திலும் தெலங்கானாவிலும் குழுப் பண்ணைகளையும் தனியார் பண்ணைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார். கேரளத்தில் குழுப் பண்ணையின் விளைச்சல் மதிப்பு, ஹெக்டேருக்குத் தனியார் பண்ணையைப்போல் 1.8 மடங்கு! நிலமில்லாத பெண்கள், நிலம் உள்ளவரை முந்திக் காட்டினார்கள்.

தெலங்கானா முடிவையும் நாம் மறைக்கப் போவதில்லை. அங்கே குழுக்களின் விளைச்சல் தனியாரைவிடக் குறைவாகவே இருந்தது. ஆயினும் தங்கள் உழைப்பையே போட்டுக் கூலிச் செலவை மிச்சப்படுத்தியதால், நிகர வருமானத்தில் தனியாருக்கு இணையாக நின்றார்கள். வித்தியாசம் ஏன்? கேரளத்தில் பஞ்சாயத்தும் பயிற்சியும் வங்கியும் துணைக்கு வந்தன. நல்ல விலை போகும் பயிரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. தெலங்கானாவில் நல்ல நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்க நிலச் சொந்தக்காரர்கள் முன்வரவில்லை. ஆதரவும் தொடர்ந்து கிடைக்கவில்லை. கூட்டு என்று பெயர் வைத்தால் மட்டும் நெல் விளைந்துவிடாது. கூட்டுக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கடன் வேண்டும், சந்தை வேண்டும்.

நம் ஊரில் ஒரு குழு அமைந்தால் எப்படி இருக்க வேண்டும்? மில்லிலிருந்து வந்தவர் மூன்று பேர் என்றால், விவசாயத் தொழிலாளர் நாலு பேராவது இருக்க வேண்டும். அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். முன்னவர்க்கு இயந்திரம் தெரியும், கணக்கும் ரசீதும் மனுவும் தெரியும், கையில் சிறிது பணமும் இருக்கும். பின்னவர்க்கு மண் தெரியும், பட்டம் தெரியும், பயிரின் முகம் தெரியும். பணம் போட்டவர் முதலாளியும் உழைப்பவர் கூலியும் ஆகிவிட்டால் அந்தக் குழு ஒரு போகம் தாண்டாது. போட்ட பணத்தைக் கடனாக எழுதித் திருப்பிக் கொடுங்கள், வேலை செய்த நாளுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி எழுதுங்கள், மிச்சத்தைப் பங்கிடுங்கள். கணக்குப் புஸ்தகம் எல்லோர் முன்னும் வாராவாரம் வாசிக்கப்படட்டும். முதல் வருஷம் ஒரு ஏக்கர் போதும். அந்த வருஷம் யாரும் கூலி வேலையை முழுக்க விட்டுவிட வேண்டாம்.

விற்பதற்கும் வழி யோசித்துவிட்டே விதையுங்கள். 1999இல் மதுரையில் துவங்கிய உழவர் சந்தை, தரகர் இல்லாமல் விற்பதற்கென்றே ஏற்பட்டது. அதில் இடம் பெற அடையாள அட்டை வேண்டும். குத்தகைதாரருக்கு அதைக் கொடுப்பதில் இழுத்தடித்தால் குழுவாகப் போய்க் கேளுங்கள். இன்னொரு சந்தை நம் கையிலேயே இருக்கிறது. மில் லைன் வீடுகளில் தினமும் கத்தரிக்காயும் கீரையும் வாங்குகிறோமே, அதை நம் குழுவிடம் வாங்கினால் என்ன?

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே, நம் பங்குக்கு நாம் கற்போம், உழைப்போம், கட்டுப்பாடாக இருப்போம். ஆனால் எல்லாப் பாரத்தையும் உழைப்பவன் தலையில் ஏற்றிவிட்டு, "முயன்றால் முன்னேறலாம்" என்று உபதேசம் செய்கிறவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். விவசாயி யார் என்று 2007இல் எழுதிய விளக்கத்தின்படி, குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் உதவித் தொகை எங்கே? குத்தகைப் பதிவேட்டைக் கிராமம் கிராமமாகப் புதுப்பிப்பது எப்போது? இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் கோவில்களுக்குச் சுமார் 4¾ லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் குத்தகைக்கு விடும் நிலத்தை, பணம் படைத்தவர் ஏலத்தில் அள்ளிக்கொண்டு போகாமல், நிலமில்லாதவர்களின் குழுக்களுக்கு நியாயக் குத்தகையில் முன்னுரிமை கொடுத்தால் என்ன? கோவிலுக்கும் குத்தகை ஒழுங்காகச் சேரும், உழுகிறவரும் பிழைப்பார்.

வெளியே போனால் இந்தக் கேள்வி உங்களைத் தொடர்ந்து வரும்: "நிலம் இல்லாதவனுக்கு விவசாயம் எதற்கு?" அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் இப்போது காரணமும் கணக்கும் இருக்கின்றன. பேச்சோடு நிற்காமல் இந்த வாரமே மூன்று காரியம் செய்வோம். விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்கு மில் தோழர்கள் போய், எந்த நிலம் தரிசாகக் கிடக்கிறது, யார் எதை உழுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டுப் பயிற்சிக்கு மனு அனுப்புவோம். இப்போது குத்தகைக்கு உழுகிறவர்களின் ரசீதுகளையும் காகிதங்களையும் சேகரித்து, பதிவுக்கு மனுப் போட உதவுவோம்.

ஏற்கெனவே உழுகிறவரின் உரிமை முதலில் காகிதத்தில் ஏறட்டும். அதன்பின் நாம் அவர் பக்கத்தில் இறங்குவோம்.